ஆயிரம் பக்கப் பயமும் இரண்டு மணி நேரத் திரையும்

நீண்ட திகில் நாவல்களைத் திரைக்கதையாக்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: 900 பக்கம் தாண்டிய ஒரு திகில் நாவல் கையில் இருக்கிறது. படமா, தொடரா என்பதைப் பக்கக் கணக்கை வைத்து முடிவு செய்யலாமா?

பதில்: பக்கக் கணக்கு உங்களைத் திகைக்க வைக்கும், முடிவெடுக்க வைக்காது. திரைக்கதையில் ஒரு பக்கம் என்றால் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம். இரண்டு மணி நேரப் படத்துக்கு 110 முதல் 120 பக்கம். சொற்களாகப் பார்த்தால் 20,000 முதல் 25,000 வரை வரும். அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் ‘இட்’ நாவல் 1986-ல் வெளியானபோது 1,138 பக்கம். நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். ஒரு படத்துக்குள் அதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் நுழையும். எட்டு மணி நேரத் தொடர் என்றாலும் நாலைந்தில் ஒரு பங்குதான். ‘தொடர் என்றால் எதையும் வெட்ட வேண்டாம்’ என்று நினைத்துக்கொண்டு உட்கார்கிறவர்கள் மூன்றாவது எபிசோடில் முழி பிதுங்குவதற்கு இதுதான் காரணம்.

பார்க்க வேண்டியது, பயம் எந்தப் பக்கமாக நகர்கிறது என்பதை. நாவலை அரைப் பக்கத்தில் சுருக்கி எழுதிப் பாருங்கள். ‘இந்தப் பெண்ணுக்கு என்ன ஆகிறது’ என்று எழுத வந்தால், பயம் ஒருவரைச் சுற்றி நெருக்கிக்கொண்டே வருகிறது. எத்தனை பக்கம் இருந்தாலும் அது படம். ‘இந்த ஊருக்கு என்ன ஆகிறது’ என்று வந்தால் பயம் பரவுகிறது, அது தொடர். தொடருக்கு ஒரு பலவீனம் உண்டு, யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு எபிசோட் முடிந்ததும் பார்க்கிறவர் எழுந்து விளக்கைப் போட்டுவிடுவார். சேர்த்து வைத்த அழுத்தத்தில் பாதி அங்கேயே இறங்கிவிடும். மூச்சு முட்ட வைப்பதுதான் அந்த நாவலின் வேலை என்றால், தயங்காமல் படம் பக்கம் போங்கள்.

கேள்வி: வேலையை எங்கிருந்து தொடங்குவது? அத்தியாயம் அத்தியாயமாகச் சுருக்கம் எழுதிப் பார்த்தேன். 140 பக்கம் வந்துவிட்டது. ஒன்றும் பிடிபடவில்லை. – ஓர் உதவி இயக்குநர்

பதில்: அத்தியாயச் சுருக்கம் எழுதினால் நாவலின் எலும்புக்கூடு கிடைக்கும். உயிர் அதில் இராது. அதைத் தூக்கி ஓரமாக வையுங்கள். மூன்று முறை படிக்க வேண்டும். மூன்றும் வெவ்வேறு வேலை.

முதல் வாசிப்பில் கையில் பென்சில் மட்டும். உடம்பு எங்கே பதில் சொன்னதோ, அதாவது பக்கத்தைத் திருப்பத் தயங்கிய இடம், முதுகுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துக்கொண்ட இடம், அங்கே ஓரத்தில் ஒரு கோடு. காரணம் எழுத வேண்டாம். இந்த வாசிப்பு ஒரே முறைதான் கிடைக்கும். இரண்டாம் தடவை நீங்கள் கதை தெரிந்த ஆள். உங்கள் உடம்பு சாட்சி சொல்லாது. ஏற்கெனவே படித்து முடித்துவிட்டவர்கள், இன்னும் படிக்காத ஒருவரிடம் பென்சிலைக் கொடுத்து இதைச் செய்யச் சொல்லலாம்.

பிறகு இரண்டு வாரம் நாவலைத் தொடாதீர்கள். அதன்பின் புத்தகத்தைத் திறக்காமல் நினைவில் நிற்பதையெல்லாம் எழுதுங்கள். அநேகமாக 30, 40 காட்சிகள் வரும். அதுதான் உங்கள் ஒன்லைனின், அதாவது காட்சிகளை வரிசையாகச் சுருக்கிச் சொல்லும் பட்டியலின், முதல் வரைவு. பென்சில் கோடு இருந்தும் நினைவில் நிற்காத காட்சிகள் இருக்கும். அவை மொழியால் பயமுறுத்தியவை, திரையில் அவ்வளவு சுலபமாக வராது. கோடே இல்லாமல் நினைவில் நிற்பவை படிமத்தால் நின்றவை. அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பட்டியலோடு இரண்டாம் முறை படியுங்கள். எது எதனால் நின்றது என்பது அப்போது தெரியும்.

மூன்றாம் வாசிப்பில் அட்டைகள். காட்சிக்கு ஓர் அட்டை: இடம், யார் யார், காட்சியின் முடிவில் என்ன மாறியிருக்கிறது, எந்த வகைப் பயம். காத்திருக்கும் பயம், திடுக்கிடல், அருவருப்பு, ‘நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாதே’ என்ற பதைப்பு என்று வகைக்கொரு நிறம். ஆயிரம் பக்க நாவலில் 250-லிருந்து 400 அட்டை வரை வரும். இரண்டு மணி நேரப் படம் தாங்குவது 50 முதல் 60 காட்சி. அட்டைகளைத் தரையில் பரப்பினால் ஒரே நிறம் நாலைந்து அடுத்தடுத்து கிடப்பது கண்ணில் படும். நாவலில் அவற்றுக்கு நடுவே 80 பக்க இடைவெளி இருந்திருக்கும். திரையில் மூன்று நிமிட இடைவெளிகூட இருக்காது. ஒன்றை வையுங்கள், மற்றதை எடுங்கள்.

எடுத்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு வெட்டும் ஒரு கடனை வைத்துவிட்டுப் போகும். உதாரணத்துக்கு, 40 பக்கம் நீளும் ஒரு பழைய தேவாலயக் காட்சியில்தான் ‘அந்த உருவம் ஓடும் தண்ணீரைத் தாண்டாது’ என்ற தகவல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தேவாலயத்தை வெட்டலாம், தகவலை வெட்ட முடியாது. எடுத்த அட்டையின் பின்பக்கம் ‘ஓடும் தண்ணீர்’ என்று எழுதி, எந்தக் காட்சி அந்தக் கடனை அடைக்கப்போகிறது என்று எண் போடுங்கள். துரத்திக்கொண்டு வந்தது ஓடைக்கரையில் நின்றுவிட்டது என்ற ஒரே ஷாட்டில் அது தீர்ந்துபோகும். கடனை அடைக்க மறந்த படங்களைச் சுலபமாக அடையாளம் காணலாம். கடைசி அரை மணி நேரத்தில் யாரோ ஒருவர் பழைய புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வசனத்தில் ஒப்பிப்பார்.

கேள்வி: துணைக்கதைகளையும் ஊர்க்கதைகளையும் எடுத்துவிட்டேன். கதை தெளிவாகப் புரிகிறது. ஆனால் பயமே இல்லை. எங்கே போனது?

பதில்: நீங்கள் எடுத்த பக்கங்களில்தான் இருந்தது.

பெரிய திகில் நாவல்களில் நீளம் சும்மா கிடப்பதில்லை. படிக்கிறவர் அந்த ஊரில் இரண்டு மூன்று வாரம் குடியிருக்கிறார். பாலம் எங்கே, சாக்கடை எங்கே திறக்கிறது, எந்த வீட்டு நாய் குரைக்கும் என்பதெல்லாம் அவருக்குப் பழகிவிடுகிறது. 700-வது பக்கத்தில் ஒருவர் சாகும்போது பக்கத்து வீட்டுக்காரர் செத்த மாதிரி இருப்பது அதனால்தான். அந்த மூன்று வாரத்தைத் திரையில் தர முடியாது. அதன் இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். கைவசம் இருப்பதில் நல்ல மாற்று, திரும்பக் காட்டுவது.

ஒரு மாடிப்படியை எடுத்துக்கொள்வோம். முதல் முறை பகல். குழந்தைகள் தடதடவென்று ஏறி ஓடுகிறார்கள். 12, 15 விநாடி. இரண்டாம் முறை ஒருவர் ஏணி போட்டு மேல்பல்பை மாற்றுகிறார், கீழே நிற்பவர் ஏணியைப் பிடித்தபடி ஏதோ வீட்டுக் கணக்கு பேசுகிறார். மூன்றாம் முறை இரவு. பல்ப் எரியவில்லை. ஒரு பெண் வேகமாக ஏறிப் போகிறாள், ஒன்றும் நடப்பதில்லை. நான்காம் முறை அதே கோணம், அதே லென்ஸ், அதே உயரம். படியில் யாரும் இல்லை. காலடிச் சத்தம் மட்டும் இறங்கி வருகிறது. அரங்கில் இருப்பவர்களுக்கு அந்தப் படிக்கட்டில் எத்தனை படி என்று இப்போது தெரியும். மனசுக்குள் எண்ணுவார்கள். நாவலின் முந்நூறு பக்கம் செய்த வேலையை இந்த நாலு காட்சி ஓரளவு செய்துவிடும்.

இது கெட்டுப்போகும் வழிகளும் தெரிந்தவைதான். ஒளிப்பதிவாளர் ஒவ்வொரு முறையும் ‘வேற ஆங்கிள் வெச்சுப் பார்க்கலாம்’ என்பார். நாலு அழகான ஷாட் கிடைக்கும், ஒரே படிக்கட்டு கிடைக்காது. ஷெட்யூல் பிரச்சினையில் மூன்றாவது காட்சி வேறு லொகேஷனுக்குப் போய்விடும். எல்லாவற்றையும்விட ஆபத்து எடிட் மேஜையில். சோதனைக் காட்சி பார்த்தவர்கள் ‘முதல் அரை மணி நேரம் இழுவை’ என்று எழுதித் தருவார்கள், உடனே அந்த முதல் 15 விநாடிக்குத்தான் கத்திரி விழும். பிறகு நாலாவது காட்சி ஏன் வேலை செய்யவில்லை என்று ரீ-ரெக்கார்டிங்கில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். ஸ்கிரிப்டிலேயே இப்படிப்பட்ட காட்சிகளின் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் போட்டு, ‘இது நாலாம் முறைக்காக’ என்று எழுதிவிடுங்கள்.

துணைக்கதைகளைப் பொறுத்தவரை, ஆறு இருந்தால் ஒன்றை முழுசாக வையுங்கள். ஆறிலும் கொஞ்சம் கொஞ்சம் வைப்பது, ஆறு இடத்தில் குழி தோண்டி ஒன்றிலும் தண்ணீர் பார்க்காத கதைதான்.

கேள்வி: பாத்திரங்களை ஒன்றாக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: இதற்குப் பழைய முன்மாதிரி உண்டு. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலில் கோட்டைக்குப் போகிறவர் ஜோனதன் ஹார்க்கர். பைத்தியக்கார விடுதியில் பூச்சி தின்பவர் ரென்ஃபீல்ட். 1931-ல் வந்த ஹாலிவுட் படத்தில் ரென்ஃபீல்டே கோட்டைக்குப் போகிறார். அங்கே போனதால்தான் புத்தி பேதலித்தது என்ற காரணமும் அதிலேயே கிடைத்துவிட்டது. இரண்டு பேரைச் சேர்த்ததும் மூன்றாவதாக ஒன்று, முன்பு இல்லாத ஒரு காரணம், பிறக்கிறதா? பிறந்தால் அது நல்ல இணைப்பு.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று கேள்வி: இவருக்கு மட்டும் தெரிந்தது என்ன? இவரால் மட்டும் முடிவது என்ன? இவர் செத்தால் அழுவது யார்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் இன்னொருவரோடு சேர்த்துவிடலாம். எதிரெதிர் நிலையில் நின்று சண்டை போடும் இருவரை மட்டும் சேர்க்காதீர்கள், வாக்குவாதமே போய்விடும். ‘அதை நம்பலாமா, கூடாதா’ என்ற வாக்குவாதம் இல்லாத திகில் கதை சீக்கிரமே துரத்தல் கதையாகிவிடும்.

இருட்டையும் கணக்கில் சேருங்கள். நாவலில் பெயர் போதும். இருட்டறையில் ஆறு இளைஞர்கள் ஓடினால் யார் யாரென்று தெரியாது. உயரம், நடை, தொப்பி, குரல் என்று நிழலுருவத்திலேயே பிரித்தறியக்கூடிய ஓர் அடையாளம் ஆளுக்கொன்று வேண்டும். டார்ச்சுகள்கூட மஞ்சள் ஒளி, வெள்ளை ஒளி என்று வேறுபட்டால் எடிட்டர் உங்களை வாழ்த்துவார்.

கேள்வி: நாவலில் சிறுவயதுக் கதையும் பெரியவர்களான பிறகான கதையும் மாறி மாறி வருகின்றன. அப்படியே வைப்பதா, இரண்டாகப் பிரிப்பதா?

பதில்: இந்தக் கேள்விக்கு ‘இட்’ நாவலே ஒரு பாடப்புத்தகம். ஓர் ஊரின் குழந்தைகள் சிலர் ஒரு பூதத்தோடு மோதுகிறார்கள், பெரியவர்களான பிறகு மறுபடியும் மோதுகிறார்கள். நாவலில் 1957-58-ம் 1984-85-ம் பின்னிக்கொண்டு போகின்றன. கடைசியில் இரண்டு சண்டையும் பக்கம் பக்கமாக நடக்கும். 1990-ல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சிக்காக டாமி லீ வாலஸ் இயக்கியபோது இரண்டு இரவு ஒளிபரப்பாகப் பிரித்தார்கள். முதல் இரவில் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தொலைபேசி வருகிறது, அதன் வழியே குழந்தைப் பருவம் விரிகிறது. இரண்டாம் இரவு பெரும்பாலும் பெரியவர்கள். பிறகு இதைத் திரைப்படமாக்கிய இயக்குநர் ஆண்டி முஷெட்டி இன்னும் ஒரு படி போனார். 2017 படத்தில் குழந்தைகள் மட்டும், 135 நிமிடம். அதுவும் 1988-89-க்கு நகர்த்தப்பட்டது, பெரியவர்கள் கதை சமகாலத்துக்கு வர வேண்டும் என்பதால். 2019-ல் வந்த இரண்டாம் பாகம் 169 நிமிடம்.

பிரித்ததில் லாபம், முதல் பாகம் நேர்கோட்டில் ஓடியது. நண்பர்கள் மேல் பிடிப்பு உண்டானது. நஷ்டம் முழுவதும் இரண்டாம் பாகத்தின் தலையில். நாவலில் பெரியவர்களின் பயம் எதிலிருந்து வருகிறது? மறந்துபோனது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவதிலிருந்து. அவர்கள் நினைவுகூரும்போதுதான் நமக்கும் தெரிகிறது. முதல் பாகம் பார்த்துவிட்டு வந்தவருக்கோ எல்லாம் ஏற்கெனவே தெரியும். திரையில் இருப்பவர்கள் தேடுவது, அரங்கில் இருப்பவர் கையில் இருக்கிறது. புதிதாக எதையாவது நினைவூட்ட, குழந்தைகளை வைத்து மறுபடி ஃபிளாஷ்பேக் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு வருடத்தில் பையன்கள் வளர்ந்துவிட்டார்கள்; முகத்தைக் கணினியில் இளமையாக்க வேண்டி வந்தது.

பிரிக்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு காரியம் செய்யுங்கள். முதல் பாகத்தில் ஒரு முக்கியமான நிகழ்ச்சியைக் காட்டாமல் மூடி வையுங்கள். கதவு சாத்துவதோடு வெட்டுங்கள், உள்ளே நடந்தது இரண்டாம் பாகத்துக்கு. அடுத்து, இரண்டாம் பாகத்துக்குத் தேவைப்படும் குழந்தைக் காட்சிகளை முதல் படப்பிடிப்பிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். தயாரிப்பாளர் முகம் சுளிப்பார். பிற்பாடு கணினிப் பூச்சுக்கு ஆகும் செலவைச் சொல்லுங்கள்.

மாற்றி மாற்றிக் காட்டுவதானால், ஒரு காலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொருளோ சத்தமோ கை மாற வேண்டும். வருடத்தை எழுத்தில் போடுவது கடைசி வழி. பத்துத் தடவை எழுத்து வந்தால் பார்ப்பவர் கணக்குப் போடத் தொடங்குவார், பயப்பட மாட்டார்.

கேள்வி: நாவலின் பயம் முழுக்க நாயகியின் மனசுக்குள்தான் நடக்கிறது. வாய்ஸ் ஓவர் இல்லாமல் எப்படிக் கொண்டுவருவது?

பதில்: ஒரு பத்தியை வைத்தே பார்ப்போம். நாவலில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: ‘கதவுக்கு அப்பால் யாரோ மூச்சு விடுவதாக அவளுக்குத் தோன்றியது. அப்பாவாக இருக்க முடியாது. அவர் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. ஆனால் மூச்சின் நடுவே வரும் அந்தச் சின்ன விசில் அவருடையதேதான்.’

வாய்ஸ் ஓவரில் இதைப் படித்தால் வானொலி நாடகம். திரையில் இதற்கு இரண்டு காட்சி வேண்டும். முதலாவது, குறைந்தது 20 நிமிடம் முன்னால்: பழைய வீடியோ ஒன்றில் அப்பா பேசுகிறார், வாக்கியங்களுக்கு நடுவே மூச்சில் ஒரு மெல்லிய விசில். யாரும் அதைச் சுட்டிக்காட்டக் கூடாது. இரண்டாவது, கதவுக் காட்சி. அவள் பாத்திரம் கழுவுகிறாள். கை நிற்கிறது. குழாயை மூடுகிறாள். குளிர்பதனப் பெட்டியின் ரீங்காரம் மட்டும். அதுவும் நின்றுபோகிறது. விசில். அவள் கத்துவதில்லை, கதவைத் திறப்பதுமில்லை. ஈரக் கையைத் துடைத்தபடி, வருடக்கணக்காகக் கேட்டுப் பழகிய தொனியில், தன்னையறியாமல் கேட்கிறாள்: “அப்பா, மாத்திரை போட்டாச்சா?”

கேட்டுவிட்ட பிறகுதான் முகம் மாறுகிறது. நினைப்பைச் செயலாக மாற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்தச் செயல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பயந்தவர் செய்கிற செயலைத் தேடாதீர்கள். பயம் வருவதற்கு முன் அவர் பழக்கத்தில் என்ன செய்வார் என்று தேடுங்கள். ஒலி வடிவமைப்பாளருக்கும் இதை ஸ்கிரிப்டிலேயே சொல்லியாக வேண்டும். குளிர்பதனப் பெட்டியின் சத்தம் காட்சியின் தொடக்கத்திலேயே இருந்தால்தான் அது நிற்பது காதில் விழும். டப்பிங்கில் சுத்தமாக அழித்துவிட்டு, பிறகு ‘மௌனம் எடுபடலையே’ என்று புலம்புவதில் பயனில்லை.

நாவலே நாட்குறிப்பாகவோ கடிதங்களாகவோ இருந்தால் வாய்ஸ் ஓவர் தவறில்லை. அங்கே எழுதுகிற செயல் கதைக்குள்ளேயே நடக்கிறது.

கேள்வி: பேயை எப்போது காட்டுவது? எவ்வளவு காட்டுவது?

பதில்: ‘எப்போது’ என்பதை அட்டைகள் சொல்லும். ‘எதை’ என்பதுதான் சிக்கல். எழுத்தில் பயமுறுத்துவது படத்தில் பயமுறுத்தும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கிங்கின் ‘தி ஷைனிங்’ நாவலில் விலங்கு வடிவில் வெட்டிய செடிகள், பார்க்காத நேரத்தில் இடம் மாறும். படிக்கும்போது குலை நடுங்கும். 1980 படத்தில் ஸ்டான்லி குப்ரிக் அவற்றைத் தூக்கிவிட்டு செடிச்சுவர்ப் புதிர்ப்பாதை ஒன்றை வைத்தார். 1997-ல் கிங்கே எழுதிய மூன்று பகுதித் தொடரில் அந்தச் செடி விலங்குகள் கணினி வரைகலையில் நகர்ந்தன. பயத்துக்குப் பதிலாகப் பரிதாபம்தான் வந்தது. அசைவைக் காட்டியதுதான் பிழை. ‘முன்பு அங்கே இருந்தது, இப்போது இங்கே இருக்கிறது’ என்ற இடைவெளியில் வாசகரின் தலைக்குள் நடந்ததை அந்தத் தொடர் திரையில் நடத்திவிட்டது.

எதிர்த்திசையிலும் போகலாம். கிங்கின் ‘சேலம்ஸ் லாட்’ நாவலில் இரத்தக்காட்டேரி பார்லோ நாகரிகமாகப் பேசும் ஆள். 1979 தொடரில் டோபி ஹூப்பர் அவரை ஊமையாக்கி, மொட்டைத் தலையும் நீலத் தோலும் கொடுத்து, பேச்சு முழுவதையும் உதவியாளர் பாத்திரத்துக்குக் கொடுத்தார். மூலத்துக்கு விரோதம்தான். ஆனால் பேசாத முகம் பேசுகிற முகத்தைவிட நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கிறது.

நடைமுறையில் ஒரு கணக்கு: முழுமுக ஒப்பனைக்கு 3, 4 மணி நேரம், கழற்ற ஒரு மணி நேரம். 12 மணி நேர கால்ஷீட்டில் கேமரா முன்னால் கிடைப்பது ஆறேழு மணி நேரம்தான். ஆகவே கை மட்டும், தோள் மட்டும், முதுகு மட்டும் வரும் ஷாட்களை ஷாட் பட்டியலில் தனியே பிரித்து, மாற்று ஆளை வைத்து எடுங்கள். பணமும் மிச்சம், பயமும் கூடும்.

கேள்வி: நாவலின் முடிவு திரைக்கு ஒத்துவரவில்லை. மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். நாவல் கேட்ட கேள்விக்கே புதிய முடிவும் பதில் சொல்ல வேண்டும். கிங்கின் ‘தி மிஸ்ட்’ குறுநாவல் முடிவை நம்பிக்கைக்கும் அச்சத்துக்கும் நடுவில் விட்டுவிடுகிறது. 2007-ல் ஃபிராங்க் தராபாண்ட் எடுத்த படம் அதைக் கொடூரமாக முடித்தது. கிங்குக்கே அது பிடித்திருந்தது. ‘பயத்தில் மனிதர்கள் என்ன முடிவெடுப்பார்கள்’ என்பதுதான் குறுநாவலின் கேள்வி. படம் அதே கேள்வியைக் கடைசி வரை இழுத்துப் போனது, அவ்வளவுதான். தாங்க முடியவில்லை என்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பெரிய நாவல்களில் பிரபஞ்சத்தின் தொடக்கம், காலமற்ற சக்தி என்று முடிவு விரியும். அதை அப்படியே படமாக்கப் போனால் ஒளிப்பிழம்பும் பெரிய சிலந்தியும்தான் மிஞ்சும். கடைசிக் கட்டத்தில் உருவத்தைச் சின்னதாக்குங்கள், விலையைப் பெரிதாக்குங்கள்.

கேள்வி: எட்டு எபிசோடாகப் பிரிக்கிறோம். நாவலின் வரிசையைக் கலைக்கலாமா?

பதில்: கலைப்பதற்கு முன் கிங்கின் ‘தி ஸ்டாண்ட்’ நாவலிலிருந்து வந்த இரண்டு தொடர்களையும் பாருங்கள். 1978-ல் பதிப்பகம் சுமார் 400 பக்கத்தை வெட்டி வெளியிட்ட நாவல் அது. 1990-ல்தான் விரிவான பதிப்பு வந்தது. 1994 தொடர், நான்கு இரவு ஒளிபரப்பானது, கிங்கே எழுதியது. கொள்ளைநோய் பரவுவதிலிருந்து நேராகப் போகிறது. 2020-ல் தொடங்கிய ஒன்பது எபிசோட் தொடர், நோய் முடிந்து ஊர் கூடிய பிறகு ஆரம்பித்துப் பின்னோக்கித் தாவுகிறது. விளைவு, யார் பிழைப்பார் என்பது முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது. உலகம் சரிவதைக் கூடவே நின்று பார்ப்பதுதான் அந்த நாவலின் பாதி பலம். அது கைநழுவிப் போனது. பரவும் பயத்தைக் கலைக்காதீர்கள். புதைந்த ரகசியத்தைத் தோண்டும் கதையானால் தாராளமாகக் கலைக்கலாம்.

50 நிமிட எபிசோடுக்கு 25 முதல் 30 காட்சி. ஒவ்வொன்றையும் திடுக்கிடலில் முடிப்பது மூன்றாவதிலேயே சலிக்கும். ஒரு தவறான முடிவில், கதவைத் தாழிட மறந்ததில், ஒரு பொய்யில் முடியுங்கள்.

கேள்வி: உரிமை விஷயம்? நாவலாசிரியர் இறந்துவிட்டார், கதையைக் கொஞ்சம் மாற்றிவிட்டால் போதாதா?

பதில்: போதாது. 1922-ல் ஜெர்மனியில் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வைப் பெயர்களை மாற்றி ‘நோஸ்ஃபெராட்டு’ என்று எடுத்தார்கள். ஸ்டோக்கர் இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. அவர் மனைவி வழக்குப் போட்டார். 1925-ல் பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. படம் தப்பிப் பிழைத்தது வேறு கதை, தயாரிப்பு நிறுவனம் பிழைக்கவில்லை.

முதலில் ஆப்ஷன் ஒப்பந்தம், அதாவது குறிப்பிட்ட காலம்வரை உரிமையை உங்களுக்காக ஒதுக்கி வைக்கும் ஒப்பந்தம், போடுங்கள். 12 அல்லது 18 மாதம் வழக்கம். நீண்ட நாவலுக்கு முதல் வரைவு எழுதவே எட்டு மாதம் பிடிக்கும், ஆகவே நீட்டிப்பு எவ்வளவு தொகைக்கு என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். படம், தொடர், இரண்டாம் பாகம், மறு ஆக்கம் ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. படத்துக்கு மட்டும் வாங்கிவிட்டு பாதியில் தொடராக்க முடிவு செய்தால் மறுபடி பேரம். பழைய ஒப்பந்தம் ஏதும் உயிரோடு இருக்கிறதா என்று வழக்கறிஞர் பார்த்த பிறகே பேனாவைத் திறங்கள்.

கேள்வி: எழுதியவரே திரைக்கதையும் எழுதலாமா?

பதில்: எழுதலாம். வில்லியம் பீட்டர் பிளாட்டி தன் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ நாவலுக்குத் தானே திரைக்கதை எழுதி ஆஸ்கர் வாங்கினார். அட்டைகளை மட்டும் வேறு யாராவது எடுக்கட்டும்.

கேள்வி: தயாரிப்பாளரைப் பார்க்கப் போகும்போது என்ன கொண்டு போக வேண்டும்?

பதில்: ஒரு பக்கக் கதை. 10, 12 பக்கத்தில் ட்ரீட்மென்ட், அதாவது வசனமில்லாமல் காட்சிவாரியாக விரித்துச் சொன்ன கதை. முழுசாக எழுதிய ஒரே ஒரு பயக் காட்சி, மூன்று பக்கத்துக்கு மிகாமல். முக்கியமான படப்பிடிப்பு இடங்கள் எத்தனை, இரவுக் காட்சிகள் எத்தனை, குழந்தைகள் வரும் காட்சிகள் எத்தனை என்று ஒரு தாளில் பிரேக்டவுன், அதாவது பிரித்தெழுதிய கணக்கு. குழந்தைகளை இரவில் வேலை வாங்கப் பல நாடுகளில் நேரக் கட்டுப்பாடு உண்டு; ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிப் பகலிலேயே எடுக்கக்கூடிய உட்காட்சிகள் எவை என்றும் அதில் குறித்துவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டரைப் பக்கம் என்று வைத்தால் 120 பக்கத்துக்கு 48 நாள். திகிலுக்கு இதைவிட வேகமாக எடுப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். ஒளியும் ஒப்பனையும் அவசரத்துக்கு ஒத்துவராது.

நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். அதன் தடிமனைப் பார்த்த உடனே அவர் கதை கேட்பதை விட்டுவிட்டு மனசுக்குள் செலவுக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.